கழுதைக்கு வந்த அப்டேட்

"விரைவில்" என்ற சொல்லைக் கண்டுபிடித்த ஆள் கையில் கிடைத்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று தராசுக்காரன் ரொம்ப நாளாகக் காத்திருந்தான். அதற்காக மட்டும் காத்திருக்கவில்லை. ஒரு விமானத்துக்காகவும் காத்திருந்தான். அதுவும் நிஜ விமானம் அல்ல, கணினிக்குள் பறக்கிற விமானம்.

தராசுக்காரன் என்பது தெருவில் வைத்த பெயர். கடை கடையாகப் போய் எடை இயந்திரங்களைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டுவதும் அவன் வேலை. கையில் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதற்குள் வெல்வெட் துணிக் குழிகளில் பித்தளை எடைக்கற்கள் வரிசையாகப் படுத்திருக்கும். விரல் அழுக்குப் பட்டால்கூட எடை மாறிவிடும் என்று கையுறை போட்டுத்தான் அவற்றைத் தொடுவான். அவன் தலையைக் கண்டதும் கடைக்காரர்கள் டீ வாங்க ஆள் அனுப்புவார்கள். அவன் குடிக்க மாட்டான். குடித்தால் முத்திரை இளகிவிடும் என்று சிரித்துக்கொண்டே சொல்வான்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கணினிதான். விமானம் ஓட்டிப் பார்க்கிற மென்பொருள் அதில் இருந்தது. சிமுலேட்டர் என்பார்கள். அதை விளையாட்டு என்று சொன்னால் ஓட்டுகிறவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வானம், மேகம், ஓடுதளம் எல்லாம் அதிலேயே கிடைத்துவிடும். நல்ல விமானங்களை மட்டும் வெளியே இருக்கிற சின்னச் சின்னப் பட்டறைகள் தனியாகச் செய்து விற்கும். ஒவ்வொரு பொத்தானும் நிஜத்தில் இருப்பது போலவே வேலை செய்யும் என்று வாங்கும்போது சத்தியம் செய்வார்கள். வாங்கிப் பார்த்தால் பாதிதான் வேலை செய்யும். மீதிக்கு அப்டேட் வரும் என்பார்கள். எப்போது என்று கேட்டால் விரைவில்.

அவன் வாங்கியது ஒரு பழைய இரட்டை இஞ்சின் சரக்கு விமானம். அவனுடைய அப்பா ஓட்டிய அதே வகை. ஏற்றுவதை எல்லாம் முனகாமல் சுமக்கும் என்பதால் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் அதைக் கழுதை என்றுதான் சொல்வார்கள். வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. "கழுதை லேட்டு, சாப்பிடாம இருக்காத" என்று அப்பா போன் செய்வார். அம்மா சாப்பிடாமல்தான் இருப்பாள். அவன் பள்ளிக்கூடத்தை முடித்த வருஷம், அந்தக் கழுதையோடு அப்பா போய்விட்டார்.

நடந்தது இதுதான். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் கழுதை கிளம்பி மேலே ஏறியது. கொஞ்ச நேரத்தில் இடது இஞ்சின் நின்றுபோனது. இஞ்சின் நின்றுவிட்டால் அதன் விசிறி சும்மா காற்றில் சுற்றி விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் அந்த விசிறியின் இலைகளை, கத்தி காற்றைக் கிழிப்பது போலத் திருப்பிவிட வேண்டும். அதற்கு இஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு நெம்புகோல்கள் இருந்தன. கை வைக்காமலே தானாகத் திருப்பிவிட ஒரு கருவியும் இருந்தது. ஆனால் அன்றைக்குத் திரும்பியது செத்த இஞ்சினின் இலைகள் அல்ல. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது இஞ்சினின் இலைகள். இழுத்துப் போக ஒரு பக்கமும் இல்லாமல் கழுதை ஊருக்கு வெளியே ஒரு வயலில் விழுந்தது. அப்பாவும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானியும் பிழைக்கவில்லை.

தலைமை விமானி பதற்றத்தில் தவறான நெம்புகோலை இழுத்துவிட்டார் என்று விசாரணை அறிக்கை சொன்னது. தலைமை விமானி என்றால் அப்பா.

அம்மா அதை ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. விபத்துக்குச் சில நாள் முன்னால் சாப்பிட உட்கார்ந்த அப்பா, கழுதைக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது, அந்தக் கருவி கேட்காமலே கையை வைக்கிறது என்று அவளிடம் சொல்லியிருந்தார். அம்மா அதை விசாரணையில் போய்ச் சொன்னாள். அப்படி ஒரு புகார் வரவே இல்லை என்று பழுதுபார்ப்பவர்கள் சொன்னார்கள். பிறகு என்ன, பெண்டாட்டி புருஷனை விட்டுக்கொடுப்பாளா என்று ஒதுக்கிவிட்டார்கள். துக்கம் கேட்க வந்த ஒருவர் ஆறுதலாகப் பேசுவதாக நினைத்து, மனுஷன்தானே, கை தவறிடுச்சு என்று வாயை விட்டுவிட்டார். அவர் கொண்டுவந்த பழங்களை அம்மா அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

இதில் அம்மாவுக்குப் போனது புருஷன் மட்டும் அல்ல. துணை விமானியின் மனைவி பின்தெருவில் இருந்தாள். தராசுக்காரனுக்கு அவள் சித்தி. ரத்த சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனால் அவன் அவள் மடியில் வளர்ந்தவன். இரண்டு பெண்களும் ஒரே கழுதைக்காகக் காத்திருந்து பழகியவர்கள். மழை என்றால் ஒருத்தி வீட்டில் இன்னொருத்தி வந்து உட்கார்ந்துகொள்வாள். அறிக்கை வெளியான அன்று சித்தி வந்து வாசலில் நின்று, அண்ணன் ஏன் அப்படிப் பண்ணினார் என்று கேட்டாள். அழுதுகொண்டுதான் கேட்டாள். அவர் பண்ணவில்லை என்று அம்மா சொன்னாள். அப்புறம் யார் பண்ணினது, என் வீட்டுக்காரரா என்றாள் சித்தி. அம்மா கதவைச் சாத்திவிட்டாள். அதோடு பேச்சு அற்றுப்போனது. பின்தெருவுக்கும் முன்தெருவுக்கும் நடுவே ஒரு மருந்துக்கடைதான் இருக்கிறது. இத்தனை வருஷமாக அம்மா தூரத்தில் இருக்கிற வேறு மருந்துக்கடைக்குப் போய்வந்தாள்.

இப்போது கழுதைக்கு அப்டேட் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்குப் புரிந்திருக்கும். அந்தத் தானியங்கிக் கருவியை உள்ளது உள்ளபடி செய்து வைத்தால், இடது இஞ்சினை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கலாம். கருவி தானாகவே தவறான பக்கத்தைத் திருப்புமா, திருப்பாதா? ஒரே ஒரு தடவை திருப்பினாலும் போதும். தராசுக்காரன் தெரியாத்தனமாக இதை அம்மாவிடம் சொல்லிவிட்டான். கணினி என்றால் முகத்தைச் சுளிக்கிற அம்மா, அன்றிலிருந்து அவன் வேலை விட்டு வந்ததும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் கேட்க ஆரம்பித்தாள்.

"வந்துடுச்சா?"

"இல்லம்மா. விரைவில்னு போட்டிருக்கான்."

விற்கும்போது அந்தக் கருவி வெறும் சுவிட்சாகத்தான் இருந்தது. தட்டினால் டொக் என்று ஒலிக்கும், ஒன்றும் நடக்காது. அடுத்த அப்டேட்டில் முழுதாக வரும் என்று பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். அடுத்தது வந்தது. விமானியின் இருக்கைத் தோலில் சுருக்கம் சேர்த்திருந்தார்கள். அதற்கடுத்ததில் காபிக் கோப்பை வைக்கிற வளையத்தில் கறை வந்தது. வாடிக்கையாளர்கள் கூடும் இணையக் களத்தில் அந்தக் கறையின் படத்தைப் போட்டு ஆஹா ஓஹோ என்றார்கள். கறைக்கு இத்தனை புகழ் கிடைத்ததை அவன் வேறெங்கும் பார்த்ததில்லை. கருவி என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதினான். கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது.

பட்டறையின் தலைவனை எல்லோரும் மீசை என்பார்கள். களத்தில் அவன் வைத்திருந்த படத்தில் ஒரு மீசை மட்டும் தெரியும். கேள்வி கேட்டால் அவன் பதில் சொல்ல மாட்டான், பதில் சொல்வது போல ஏதோ சொல்வான். வேலை நடக்கிறது என்பான். சோதனையில் இருக்கிறது என்பான். நாள் குறித்துச் சொல்வது எங்கள் வழக்கமில்லை என்பான். நடுவில் பட்டறை இன்னொரு புது விமானத்தைச் செய்து விற்பனைக்கு வைத்தது. தராசுக்காரனுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. எடைக்கல் என்ற தன் புனைபெயரில், உங்களுக்கு விமானம் எதற்கு, கறை துடைக்கிற துணி வியாபாரம் பாருங்கள் என்று தொடங்கி வாய்க்கு வந்ததை எல்லாம் எழுதித் தள்ளினான். கொஞ்ச நாள் அவனைக் களத்துக்குள் விடவில்லை. பிறகு அவனே மன்னிப்புக் கேட்டு உள்ளே போனான். வேறு போக்கிடம் இல்லை. அந்தக் கழுதையை வேறு எந்தப் பட்டறையும் செய்யவில்லை.

அம்மா கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், முதலில் அப்டேட் வரட்டும் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாளாக ஆக அது வேடிக்கையாக இல்லை. அம்மாவும் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் மீசைக்குத் தனியாக எழுதினான். திட்டாமல், கெஞ்சாமல், எது தடையாக இருக்கிறது என்று மட்டும் கேட்டான். அதற்கு மனுஷத்தன்மையோடு ஒரு பதில் வந்தது. நாங்கள் இருப்பதே இரண்டு பேர், பகலில் வேறு வேலை பார்க்கிறோம். இந்தக் கருவியின் வெளித்தோற்றம் முடிந்து வெகுநாளாகிவிட்டது. ஆனால் இஞ்சின் நின்றபின் அது எத்தனை வேகத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. விமானத்தைச் செய்த நிறுவனத்தை மூடி ரொம்ப காலமாகிறது. தெரியாததை ஊகித்துப் போட எங்களுக்கு மனசில்லை. கணக்கு கிடைத்தால் உடனே முடித்துவிடுவோம்.

கணக்கா? கணக்கு அவன் வீட்டு அலமாரியில் இருந்தது. விசாரணை அறிக்கையின் கடைசியில் பக்கம் பக்கமாக அட்டவணைகள் உண்டு. இலைகள் எப்படித் திரும்பின, வேகம் எப்படிக் குறைந்தது, கருவி எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்று விசாரித்தவர்கள் போட்ட கணக்கு. அவன் அம்மாவுக்குத் தெரியாமல் அறிக்கையை எடுத்தான். பெயர்கள் இருந்த முதல் பக்கத்தை விட்டுவிட்டு, அட்டவணைகளை எல்லாம் படம் பிடித்து அன்றைக்கே அனுப்பினான். ஏன் கேட்கிறான், யாருடைய மகன் என்பதை எல்லாம் சொல்லவில்லை. மீசை தலைகால் புரியாமல் நன்றி சொல்லி எழுதினான். தராசுக்காரனுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது போல இருந்தது. இதை முன்னாலேயே செய்யாமல் போனோமே என்றுகூட நினைத்தான்.

பிறகும் மாதங்கள் போயின. விரைவில், விரைவில்.

கடைசியில் வந்தேவிட்டது. ஒரு பாத்திரக் கடையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பெட்டியை மூடக்கூடக் கை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான். அவள் கத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. அடுப்பை அணைத்தாள், தலையை வாரிக்கொண்டாள், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தப் பக்கத்து மருந்துக்கடையின் பை இருந்தது.

"ஞாயித்துக்கிழம அவ வர்றா. நீ முன்னாடியே ஓட்டிப் பாக்காத. அவ முன்னாடிதான் ஓட்டணும். ஏதோ செஞ்சு வச்சிட்டோம்னு அவளுக்குத் தோணக் கூடாது."

அவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் சித்தி வந்தாள். முடி நரைத்திருந்தது. வாசலில் கொஞ்சம் தயங்கி, அவனைப் பார்த்து, ஆள் அப்படியே அண்ணன் மாதிரி ஆகிவிட்டாய் என்றாள். அம்மா வெளியே போகிற உடையில் இருந்தாள். இரண்டு நாற்காலிகளைக் கணினிக்கு முன்னால் போட்டாள். இரண்டு பேரும் நேராக உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

திரையில் விமானியின் அறை வந்தது. துணை விமானி உட்காரும் வலது இருக்கையைப் பார்த்ததும் சித்தி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது அவனுக்குக் கேட்டது. மழையை வரவழைத்தான். கிளம்பினான். அறிக்கையில் சொன்ன உயரத்தில் இடது இஞ்சினை நிறுத்தினான். கைகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

கருவி வேலை செய்தது. அழகாகச் செய்தது. இடது இலைகளை, சரியான இலைகளை, சரியாகத் திருப்பியது. கழுதை கொஞ்சம் தள்ளாடிவிட்டுப் பறந்து போனது.

அவன் திரும்பவும் கிளம்பினான். இந்தத் தடவை கருவியின் தேய்மானத்தை உச்சத்தில் வைத்தான். அதற்கடுத்து மழையைக் கூட்டினான், சுமையைக் கூட்டினான். விமானத்தை என்ன பாடு படுத்த முடியுமோ படுத்தினான். கருவி ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் அம்மா திரைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் நகர்ந்தாள். "இன்னொரு தடவ" என்றாள். அப்புறம் அதையும் சொல்லவில்லை.

சித்திதான் மெதுவாகக் கேட்டாள்.

"அவங்க எழுதின மாதிரி பண்ணா என்ன ஆகும்?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். இடது இஞ்சினை நிறுத்தி, வலது நெம்புகோலை இழுத்தான். கழுதை மூக்கைக் கவிழ்த்தது. ஓடுதளத்துக்கு அப்பால், மரங்களைத் தாண்டி, அறிக்கையின் வரைபடத்தில் புள்ளி வைத்திருந்த அதே வயலில் போய் விழுந்தது. கொஞ்சம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. திரை கறுத்துப்போனது.

அம்மாவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. இத்தனை வருஷத்தில் அவள் மற்றவர்கள் முன்னால் அழுது அவன் பார்த்ததில்லை. சித்தி நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்க்கா. நீங்கதான் கதவத் திறக்கல."

மன்னிக்கிறதுக்கு அவர் ஒன்றும் பண்ணவில்லை என்று அம்மா வழக்கமாகச் சொல்வாள். அன்றைக்குச் சொல்லவில்லை. குனிந்து சித்தியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் வீடே மாறிப்போனது. சித்தி சாயங்காலம் ஆனால் வந்துவிடுவாள். இரண்டு பேரும் சேர்ந்து நடக்கப் போனார்கள். விட்டுப்போன வருஷங்களை எல்லாம் பேசித் தீர்க்க வேண்டும் என்று யாரோ உத்தரவு போட்டது போல ஓயாமல் பேசினார்கள். யாருக்கு மூட்டு வலி, யார் வீட்டை விற்றார்கள், எந்தக் கடையில் காய் சொத்தை. அம்மா இரவில் மாத்திரை இல்லாமல் தூங்கினாள். ஒருநாள் அவள் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் மாடிப்படி வரை கேட்டது. தராசுக்காரன் படியிலேயே நின்று அதைக் கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறினான். அப்பாவின் மேல் அவனுக்கு வருத்தமும் இரக்கமும் மாறி மாறி வந்தன. கழுதையை அவன் திரும்பத் திறக்கவே இல்லை.

அப்புறம்தான் அந்த இரும்புக் கடை.

ஆணி, கம்பி விற்கிற கடை. எடை இயந்திரம் கூடுதலாகக் காட்டியது. சிவப்புச் சீட்டை எடுத்ததும் கடைக்காரர் தாம்தூம் என்று குதித்தார். என் இயந்திரம் பொய் சொல்லாது என்று உள்ளே போய் ஓர் இரும்புக் கட்டியைத் தூக்கிவந்து மேலே வைத்தார். அதில் சுண்ணாம்பால் எடை எழுதியிருந்தது. இயந்திரமும் அதையே காட்டியது.

"பாத்தீங்களா? துல்லியமா இருக்கு."

"இந்தக் கட்டிய எங்க நிறுத்து எழுதுனீங்க?"

"இதுலதான்."

தராசுக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கூத்தை அவன் எத்தனையோ கடையில் பார்த்திருக்கிறான்.

"அண்ணே, உங்க தராசுல நிறுத்த கல்ல வச்சே உங்க தராச சோதிச்சா, அது சரின்னுதான் சொல்லும். வேற என்ன சொல்லும்?"

சொல்லி முடித்ததும் அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. கடைக்காரர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். அவன் காதில் விழவில்லை. அதே வயல், அதே புள்ளி, கொஞ்சம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. சீட்டை ஒட்டாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டுக்குப் போய், அப்டேட்டோடு வந்த குறிப்புகளைத் திறந்தான். அதை யாரும் படிப்பதில்லை, அவனும் படித்திருக்கவில்லை. சுருக்கம், கறை, ஒலி என்று என்னென்னவோ போட்டுவிட்டுக் கீழே எழுதியிருந்தார்கள். தானியங்கிக் கருவியின் நடத்தை முழுவதும் ஓர் உண்மையான விபத்து விசாரணையின் கணக்குகளை அப்படியே பின்பற்றி அமைக்கப்பட்டுள்ளது. அவற்றைத் தந்து உதவிய எடைக்கல் அவர்களுக்கு எங்கள் நன்றி.

மீசைக்கு ஒரே ஒரு கேள்வி எழுதினான். உங்கள் விமானத்தில் அந்தக் கருவி பழுதாகி, தானாகவே தவறான பக்கத்தைத் திருப்ப வழி இருக்கிறதா?

இத்தனை காலம் விரைவில் என்று இழுத்தடித்தவன், அந்தப் பதிலை மட்டும் தராசுக்காரன் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அனுப்பியிருந்தான். இல்லை, அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று நீங்கள் அனுப்பிய அறிக்கையில் இருந்ததால் அதை நாங்கள் வைக்கவில்லை. மற்றபடி கருவி எப்படி இருக்கிறது? எல்லோரையும்விட அதிகமாகக் காத்திருந்தவர் நீங்கள்தானே.

தராசுக்காரன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பாவைக் குற்றவாளி என்று சொன்னவர்களின் கல்லை, அப்பாவுக்குச் சாட்சி சொல்ல வேண்டிய தராசில் அவனே கொண்டுபோய் வைத்திருக்கிறான். பட்டறைக்காரர்கள் ஊகித்துப் போட மாட்டோம் என்று நேர்மையாகக் காத்திருந்தார்கள். பொறுக்க முடியாமல் போனது அவனுக்குத்தான். ஊரில் உள்ள தராசை எல்லாம் சோதிக்கிறவனுக்கு இது ஏன் அன்றைக்கு உறைக்கவில்லை என்று நினைக்க நினைக்க, தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அம்மா டீயோடு வந்தாள். இந்த நேரத்தில் வீட்டில் என்ன செய்கிறாய், உடம்பு சரியில்லையா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அவன் அழுதுவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். அலமாரியிலிருந்து அறிக்கையை எடுத்தது, அனுப்பியது, அது திரும்பி வந்து தங்கள் முன்னாலேயே விமானமாகப் பறந்தது. தராசையும் கல்லையும் வைத்துச் சொன்னதும் அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தராசுக்காரனின் அம்மா இல்லையா.

"அப்ப அன்னிக்கு நாம பாத்தது அவங்க எழுதினதேதானா?"

"ஆமாம்மா."

"அப்ப அவர் பண்ணலையா?"

"அதுவும் தெரியாதும்மா. ஒண்ணுமே தெரியாது. முன்னாடி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் இப்பவும்."

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அவன் பார்த்தான். அவர் பண்ணாமல் இருந்திருக்கலாம் என்கிற பழைய வெளிச்சம். இத்தனை வருஷம் அவளை நிமிர்ந்து நடக்க வைத்தது அதுதான். அவன் மீசைக்கு எழுதட்டுமா, வேறு யாரையாவது பிடித்துக் கேட்கட்டுமா, சித்தியிடம் தானே போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று படபடவென்று கேட்டுக்கொண்டே போனான்.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. சித்தி வருகிற நேரம்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து நின்று அவன் தலையைத் தடவினாள்.

"அவகிட்ட சொல்லாத."

"அம்மா, அப்பா பேரு..."

"திரும்பவும் அவர் பண்ணலன்னு நான் ஆரம்பிச்சா, அவ எந்திரிச்சுப் போயிடுவா. அப்புறம் வர மாட்டா. செத்தவர் பேரக் காப்பாத்திக்கிட்டு இத்தன வருஷம் தனியா உக்காந்தாச்சுடா. இனிமே முடியல. அவர் கோச்சுக்க மாட்டார்."

போய்க் கதவைத் திறந்தாள். அவன் அறையிலேயே இருந்தான். திரையில் மீசையின் கேள்வி அப்படியே நின்றது. கருவி எப்படி இருக்கிறது?

கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தமும், கோப்பை வைக்கிற சத்தமும் கேட்டன. மழை வரும் போலிருக்கிறது என்று சித்தி சொன்னாள். மழை என்றால் அவளுக்கு இன்னும் பழசெல்லாம் வந்துவிடும்.

"அண்ணன நெனச்சாத்தான்க்கா பாவமா இருக்கு. அந்தக் கடைசி நேரத்துல என்ன பாடு பட்டாரோ."

தராசுக்காரன் மூச்சை அடக்கிக்கொண்டு கதவைப் பார்த்திருந்தான்.

"மனுஷன்தானே," என்றாள் அம்மா. "கை தவறிடுச்சு."

பிறகு, டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.